தயாரித்தவர் கையொப்பம்

பெரம்பலூரில் ஒரு சாய்ப்பின் கீழ் மேசை போட்டு 31 வருடம் பத்திரம் எழுதியவன் நான். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் என்று எதற்கு வந்தாலும் கூலி வாங்கிக்கொண்டுதான் எழுதினேன். இப்போது சிறுவாச்சூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன், கூலி இல்லாமல். சாத்தனூர் கல்மரம், ரஞ்சன்குடிக் கோட்டை என்று நம் பக்கத்துச் சங்கதிகள்தான். அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, பிறகு பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்த கதையை எழுதியபோது, என்னிடம் இருந்த பழைய பத்திர நகல்களையே சான்றாகக் காட்டினேன். யாரும் எடுத்துப் பார்க்க முடியாத தாள் சான்றாகாது என்று ஒரு பையன் அதை அழித்துவிட்டான். அவன் செய்தது சரி. இரண்டு நாள் கோபமாக இருந்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் மூன்று பிள்ளைகள் திண்ணைக்கு வந்தார்கள். இரண்டு தம்பிகள், ஒரு பாப்பா. படிப்பு முடித்துவிட்டு நிறுவனங்களுக்கு இணைய விளம்பர வேலை பார்க்கிறார்களாம். “ஐயா, விக்கிப்பீடியாவுல பக்கம் போட்டுக் கொடுத்தா நல்ல காசு தர்றாங்க. நீங்க கொஞ்சம் சொல்லிக் கொடுங்க” என்றார்கள். கணினியைத் திறக்கும் முன் இதையெல்லாம் கேளுங்கள் என்று சொன்னேன். சொன்னதை எழுதியும் வைத்தேன்.

1.

காசு வாங்கி எழுதுவதில் வெட்கம் இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எழுதிக்கொடுப்பவர் கையொப்பம், எழுதிப்பெறுபவர் கையொப்பம், இரண்டு சாட்சிகள். அதற்கும் கீழே ஓரமாக, தயாரித்தவர் என்று என் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அந்த நிலத்தில் எனக்கு ஒரு குழிகூடக் கிடையாது. ஆனாலும் என் பெயர் இருந்தாக வேண்டும். நாளைக்கு நான்கெல்லையில் தகராறு வந்தால், இந்த வாசகத்தை எழுதியது எந்தக் கை என்று நீதிமன்றம் கேட்கும்.

விக்கிப்பீடியா உங்களிடம் கேட்பதும் அந்த ஓரத்துக் கையொப்பத்தைத்தான். நீங்கள் பெயர் போடாமல் எழுதினால், படிப்பவர் அதை ஊரான் ஒருவன் தன் ஆர்வத்தில் எழுதியது என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பைத்தான் உங்களுக்குக் காசு கொடுப்பவர் விலைக்கு வாங்குகிறார். எழுத்தை வாங்க அவருக்கு நீங்கள் வேண்டியதில்லை, சொந்த வலைத்தளத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

2.

எதைச் சொல்ல வேண்டும்? விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிமுறையில் 2014 ஜூன் 16-ஆம் தேதி ஒரு திருத்தம் வந்தது. காசுக்குத் தொகுப்பவர் மூன்று சங்கதிகளை வெளியே சொல்ல வேண்டும்: யார் சம்பளம் கொடுக்கிறார், எந்த வாடிக்கையாளருக்காக எழுதுகிறார், வேறு என்ன தொடர்பு இருக்கிறது. 2023-இல் நான்காவதாக, யாருக்குப் பயன் போய்ச் சேருகிறது என்பதையும் சேர்த்தார்கள்.

நான்கு எதற்கு என்று பாப்பா கேட்டது. நல்ல கேள்வி. திருச்சியில் ஒரு விளம்பர முகமை உனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள். முகமைக்குக் காசு கொடுப்பது சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனம். பக்கம் எழுதப்படுவதோ அந்த நிறுவன முதலாளியின் மகன் நடித்த படத்தைப் பற்றி. “நான் முகமையில் வேலை பார்க்கிறேன்” என்று மட்டும் நீ எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பத்திரத்திலும் இப்படித்தான். பவர் ஏஜெண்ட் கையெழுத்துப் போட்டால் போதாது, யாருடைய ஏஜெண்ட், எந்தத் தேதியிட்ட அதிகாரப் பத்திரம் என்று முழுதாக வரைய வேண்டும்.

வாசகம் எளிமையாக இருக்கட்டும். “இந்தக் கட்டுரையில் நான் செய்யும் தொகுப்புகளுக்கு எனக்கு ஊதியம் உண்டு. ஊதியம் தருபவர் இந்த முகமை. முகமையின் வாடிக்கையாளர் இந்த நிறுவனம். பயன் பெறுபவர் இவர்.” இவ்வளவு போதும். “நிறுவனத்தோடு இணைந்து பயணிக்கிறேன்” என்றெல்லாம் பூசி மெழுகாதீர்கள். சம்பளம் என்ற சொல் வாயில் வர மறுத்தால், வேலையை ஒத்துக்கொள்ளும் முன் இன்னொரு தரம் யோசியுங்கள்.

3.

எங்கே சொல்ல வேண்டும்? உங்கள் பயனர் பக்கம், கட்டுரையின் பேச்சுப் பக்கம், சேமிக்கும்போது கீழே வரும் தொகுப்புச் சுருக்கம். இவற்றில் ஏதாவது ஒன்றில் சொன்னால் விதிக்குப் போதும். நான் சொல்வது, மூன்றிலும் சொல்லுங்கள். பயனர் பக்கத்தில் போட்டது உங்களைத் தேடி வருபவருக்கு. பேச்சுப் பக்கத்தில் போட்டது கட்டுரையைச் சரிபார்ப்பவருக்கு. சுருக்கத்தில் போட்டது அண்மைய மாற்றங்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு.

ஜெர்மனியில் இதிலேயே ஒரு வழக்கு வந்தது. ஒரு வகைச் சாம்பிராணிப் பிசினில் செய்த மருந்துப் பொருள் பற்றிய கட்டுரை. விற்கிற கம்பெனியே விக்கிப்பீடியாவில் தனக்குத் தோதாகத் தொகுத்திருந்தது. போட்டிக் கம்பெனி நீதிமன்றம் போனது. 2012 மே மாதம் மியூனிக் மேல் நீதிமன்றம், இது மறைமுக விளம்பரம், முறையற்ற போட்டி என்று தீர்ப்புச் சொன்னது. பேச்சுப் பக்கத்தில்தான் நாங்கள் யாரென்று தெரிகிறதே என்ற வாதம் எடுபடவில்லை. சாதாரண வாசகர் பேச்சுப் பக்கத்தைத் திறப்பதே இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. ஆகவே விக்கிப்பீடியாவின் விதி ஒன்று, நாட்டுச் சட்டம் இன்னொன்று. நம் நாட்டிலும் 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் உள்ள காசுத் தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன. செய்தித்தாளில் கட்டம் கட்டி ஓரத்தில் ‘விளம்பரம்’ என்று பொடி எழுத்தில் போடுகிறார்களே, அதெல்லாம் ஒரே குடும்பம்தான்.

4.

காசு என்றால் ரூபாய் நோட்டு மட்டும் இல்லை. பொருளாகக் கொடுத்தாலும், சேவையாகக் கொடுத்தாலும், “இந்தப் பக்கத்தை முடி, அடுத்த மாதம் வேலை நிரந்தரம்” என்று ஆசை காட்டினாலும் கூலிதான். பயிற்சிக்கு என்று சேர்ந்து சம்பளமே இல்லாமல் எழுதுகிற பிள்ளையும் நிறுவனம் ஏவி எழுதினால் சொல்லிவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தாவரவியல் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறார், ஓய்வில் ஆவாரம்பூ பற்றிக் கட்டுரை எழுதுகிறார் என்றால் அதற்கு ஒன்றும் தேவையில்லை. அதே ஆசிரியரைக் கூப்பிட்டு நம் கல்லூரியைப் பற்றிப் பக்கம் போடுங்கள் என்று நிர்வாகம் சொன்னால், அந்த நிமிஷம் கதை மாறிவிடுகிறது.

5.

ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு. விக்கிப்பீடியாவில் கைப்பாவை என்று ஒரு சொல் உண்டு. ஒரே ஆள் பல பெயரில் வந்து, தனக்குத் தானே ஆமாம் போட்டுக்கொள்வது. நம் தொழிலில் அதற்குப் பினாமி என்று பெயர், 1988-இலேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. நிறுவனத்தின் பெயரையே பயனர் பெயராக வைக்காதீர்கள். கை உங்களுடையது, நிறுவனத்துக்குக் கை கிடையாது.

6.

இப்போது சொல்லப்போவது தமிழ் விக்கிப்பீடியாவின் சொந்தக் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் முதலில் நின்று எழுதியவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலைஞர், அமீரகத்தில் வேலை. ஆரம்பத்தில் பல மாதங்கள் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக இழுத்தார். பிறகு ஆள் சேர்ந்தது. யாருக்கும் சம்பளம் இல்லை. இப்படி ஆறேழு வருடம் ஓடிய பிறகு, 2009 வாக்கில் திடீரென்று நீள நீளமான கட்டுரைகள் வந்து விழ ஆரம்பித்தன. ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழாக்கியவை. எழுதியவர்கள் யாரென்று தெரியாது. பேச்சுப் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் வராது. அடுத்த கட்டுரை மட்டும் வரும்.

விசாரித்தால், பின்னால் இருந்தது கூகுள். தன் மொழிபெயர்ப்புக் கருவிக்குத் தீனி வேண்டும் என்று, கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் எழுத வைத்திருந்தது. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுச் சங்கதி பேசுகிற பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். ஆலமரத்தடிக்கு வராமலேயே ஊருக்குள் வீடு கட்டியது போல ஆயிற்று. எந்தத் தலைப்பு தமிழ் வாசகருக்கு வேண்டும் என்றும் யாரையும் கேட்கவில்லை. மேல்நாட்டுப் பாட்டுக்காரர்களும் நடிகர்களும் நிறைய வந்தார்கள். வாக்கியங்கள் தமிழ் எழுத்தில் இருந்தன, தமிழில் இல்லை.

வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்து நீக்கினார்கள். தமிழ்க்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். கூகுளோடு பேசினார்கள்: புதிதாகப் போடுவதை நிறுத்துங்கள், போட்டதைத் திருத்துங்கள், என்ன தலைப்பு வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இந்த அனுபவத்தை அப்படியே எடுத்து வைத்தார். உலகத்தில் பல மொழிக்காரர்கள் இந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்டது அதில்தான். அந்தக் கட்டுரைகளைத் துப்புரவாக்கும் வேலை பிறகும் வருடக்கணக்கில் இழுத்தது. செய்தவர்கள் கூலி இல்லாத ஆட்கள். எழுதியவருக்குக் காசு, திருத்தியவருக்கு முதுகுவலி. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

இதையும் கவனியுங்கள். அதே 2010-இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி வைத்தது, பரிசும் கொடுத்தது. 2018-இல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கான வேங்கைத் திட்டம் வந்தது. அதிலும் கூகுள் இருந்தது, விக்கிமீடியா அறக்கட்டளையும் இருந்தது. எழுதுகிறவர்களுக்கு மடிக்கணினி, இணையச் செலவு, மொழிகளுக்குள் போட்டி, பரிசு எல்லாம் உண்டு. முதல் வருடம் பஞ்சாபி முந்தியது, அடுத்த சுற்றில் தமிழ் முந்தியது. அந்த இடங்களில் காசைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யார் கொடுக்கிறார், எதற்குக் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று முதல் நாளே பக்கம் போட்டு எழுதியிருந்தார்கள். 2009-இலும் 2018-இலும் பின்னால் இருந்தது ஒரே கம்பெனி. இரண்டாம் தடவை வாசல் வழியாக வந்தது.

7.

மறைத்தால் தெரியாது என்று நினைக்காதீர்கள். நிலம் வாங்குகிறவன் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பான். முப்பது வருடத்தில் அந்தச் சர்வே எண்ணில் யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம் வைத்தார், எல்லாம் வரிசையாக வந்துவிடும். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ‘வரலாறு’ என்று இருக்கிறதே, அதுதான் வில்லங்கச் சான்று. இலவசமாக, ஒரே சொடுக்கில். எந்த நாள், எந்த நிமிஷம், எந்தக் கணக்கு, எந்தச் சொல்லை மாற்றியது என்று காட்டும். பத்து வருடம் கழித்து ஒருவன் வந்து உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பான். மூன்று கம்பெனிப் பக்கங்கள் மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போன கணக்கைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளன் தேவையில்லை.

2013-இல், சொல்லாமல் காசுக்குத் தொகுத்த விக்கி-பி.ஆர். என்ற அமெரிக்கக் கம்பெனி அகப்பட்டது. 250-க்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன. 2015-இல் ஆரஞ்ச்மூடி என்று பெயர் வைத்த இன்னொரு கூட்டம், 381 கணக்குகள். இவர்கள் செய்த வேலை கேட்டால் வயிறு எரியும். சிறிய கடைக்காரர், கலைஞர் போன்றவர்கள் எழுதி ஏற்கப்படாத வரைவுகளைத் தேடி எடுப்பார்கள். அவர்களைத் தொடர்புகொண்டு காசு கொடுத்தால் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஏற்றிய பிறகு, பக்கம் அழியாமல் இருக்க மாதாமாதம் கட்டு என்பார்கள். 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. நம் பக்கத்திலும் இப்போது இந்த மாதிரி அழைப்பு வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவர், “உங்கள் பக்கத்தை அழிக்கப்போகிறார்கள், உடனே பணம் கட்டினால் காப்பாற்றலாம்” என்று ஒரு குரல் சொன்னதாக என்னிடம் ஓடி வந்தார். அவருக்கு விக்கிப்பீடியாவில் பக்கமே கிடையாது. இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவர் முதலில் பயந்துவிட்டார் என்பதும் உண்மை.

இந்தியாவில் நடந்த பெரிய கதை ஐ.ஐ.பி.எம். என்ற தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைச் சுற்றியது. அந்த நிறுவனம் பற்றிய பக்கங்களை ஒருபக்கமாகச் சாய்த்துத் தொகுத்தது என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு ஒரு கணக்கை 2015 பிப்ரவரியில் தடை செய்தது. சாதாரணக் கணக்கு இல்லை, நிருவாகி அதிகாரம் பெற்ற கணக்கு. காசு கைமாறியதா என்று எனக்குத் தெரியாது, அதனால் காசைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கு முந்தின வருடம்தான் டெல்லி உயர் நீதிமன்றம், அந்த நிறுவனம் எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்ற பெயர்களைச் சொல்லி மாணவர் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. கல்லூரி தேடுகிற பிள்ளை முதலில் எங்கே போய்ப் பார்க்கும் என்று நினைத்துப் பாருங்கள். நிலத்தை அடமானம் வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுகிற குடும்பங்களுக்கு நான் எத்தனையோ பத்திரம் எழுதியிருக்கிறேன்.

8.

சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. பெயர் போட்டுப் பத்திரம் எழுதினேன் என்பதற்காகப் புறம்போக்கு பட்டா ஆகாது. காசு வாங்கியதை அறிவித்த பிறகும் நடுநிலை வேண்டும், சான்று வேண்டும், அந்த ஆளோ நிறுவனமோ கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் தகுதி வேண்டும். அந்தத் தகுதிக்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர். அது காசால் வராது.

இன்னொரு நல்ல வழக்கம் சொல்கிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதை மிகவும் வற்புறுத்துவார்கள். கூலி வாங்கிய கட்டுரையில் நேராகக் கை வைக்காதீர்கள். பேச்சுப் பக்கத்தில் போய், “இந்த ஆண்டு தவறு, சரியான ஆண்டு இது, சான்று இது, யாராவது மாற்றித் தாருங்கள்” என்று கேளுங்கள். நாள் ஆகும். பரவாயில்லை. எழுத்துப்பிழையைத் திருத்தவோ, யாரோ எழுதிவைத்த கெட்ட வார்த்தையை நீக்கவோ காத்திருக்க வேண்டாம்.

9.

முன்பணம் வாங்கும் முன் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். இதில் நாணமே கூடாது. இப்படிச் சொல்லுங்கள்: பக்கம் நிற்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. நின்றாலும் அது உங்களுக்குச் சொந்தம் இல்லை, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், எடுத்து அச்சடித்து விற்கவும் செய்யலாம், உரிமம் அப்படி. உங்கள் மேல் ஒரு வழக்கு வந்து பத்திரிகையில் செய்தியானால் அதுவும் அந்தப் பக்கத்தில் ஏறும், அதை நான் நீக்க மாட்டேன். நான் யாருக்காக எழுதுகிறேன் என்று உங்கள் பெயரோடு அறிவிப்பேன்.

பாதிப் பேர் அந்தக் கடைசி வாக்கியத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். “ஐயா, பேரு மட்டும் வேணாமே” என்று இழுக்கிறவர்தான் ஆபத்து. கிரயத் தொகையைக் குறைத்துப் போடச் சொல்லி வருகிற ஆட்களை எனக்குப் பல வருடப் பழக்கம். குரலிலேயே தெரியும்.

வேறு ஒன்று. “விக்கிப்பீடியாவில் எழுதித் தருகிறோம்” என்று நீங்கள் வெளியே விளம்பரம் செய்தால், அந்த வேலைக்குப் பயன்படுத்திய கணக்குகளையும் வெளியே சொல்ல வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது.

10.

சான்று என்று எதைக் காட்டுவீர்கள்? வாடிக்கையாளர் ஒரு கோப்பு கொடுப்பார். வார இதழில் வந்த முழுப்பக்கப் பாராட்டு, திறப்பு விழா மலர், சிறப்பிதழ். அதில் பாதி அவரே காசு கொடுத்துப் போட்டுக்கொண்டது. காசு கொடுத்து வந்த செய்தியை, காசு வாங்கிய கை எடுத்து, காசு வாங்காத கலைக்களஞ்சியத்தில் சான்றாக வைத்தால் பொய் மூன்று மடிப்பாகிறது. 2009 பொதுத் தேர்தலுக்குப் பிறகு காசுக்குச் செய்தி என்ற நோயைப் பற்றி இந்தியப் பத்திரிகை மன்றமே குழு வைத்து ஆராய்ந்தது. அந்தப் பத்திரிகைத் துணுக்குகள் இன்றும் எங்கேயோ ஒரு கட்டுரையின் அடியில் சான்றாக உட்கார்ந்திருக்கும்.

நம்பிக்கையையும் தகவலையும் பிரித்து எழுதவும் தெரிய வேண்டும். நம் சிறுவாச்சூர்க் கோயில் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் இங்கே வந்து மதுரகாளியானாள் என்று பாட்டி சொல்வார்கள். அவளுக்கு இடம் விட்டுக்கொடுத்துவிட்டு, முன்பு இங்கே இருந்த செல்லியம்மன் மலைக்குப் போனாள் என்பார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை. ஆனால் எழுதும்போது “என்பது தலபுராணம்” என்றுதான் எழுதுவேன். கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், விசேஷ நாட்கள் தவிர. அது நம்பிக்கை இல்லை, தகவல். இரண்டும் ஒரே பத்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், ஆனால் வேறு வேறு நடையில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு புதன்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து பூட்டிய கதவின் முன் நின்றது. மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசி துணிமூட்டையில். வயதான அம்மா ஒருவர். ஏதோ ஒரு சுற்றுலாப் பக்கத்தில் தினமும் திறந்திருக்கும் என்று போட்டிருந்ததாம். எழுதியவனுக்கு ஒரு வரி. அந்த அம்மாவுக்கு ஐந்து மணி நேரப் பயணம். என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்பினோம். உங்களுக்குக் காசு தருபவரின் விடுதியைப் பற்றி நீங்கள் எழுதும் வரியையும் யாரோ ஒருவர் நம்பிக் கிளம்புவார்.

11.

உங்களைக் கேள்வி கேட்பவருக்குச் சம்பளம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. வழக்காடும்போது இதை மறக்காதீர்கள். அவர் பள்ளி விட்டு வந்து, பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு உங்கள் விளம்பர வாசகத்தை வெட்டிக்கொண்டிருப்பார். 2017 மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டது இப்படிப்பட்டவர்களால்தான். ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மணி நேரத்துக்குக் கூலி வாங்குகிறவன் கூலி இல்லாதவனைக் களைப்படைய வைத்து ஜெயிப்பது ஒரு ஜெயமா?

12.

ஏற்கெனவே சொல்லாமல் எழுதிவிட்டோமே என்கிறீர்களா? அந்த இரண்டாவது தம்பியின் முகம் ஒன்பதாவது சங்கதியிலிருந்தே சரியில்லை. கவனித்தேன்.

பத்திரத்தில் பிழை இருந்தால் கிழித்துப் போட முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொன்று எழுதிப் பதிய வேண்டும். பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். இங்கேயும் அப்படியே. பயனர் பக்கத்தில் போய் எந்தெந்தக் கட்டுரை, யாருக்காக, எப்போது என்று எழுதுங்கள். நீங்களே சொன்னால் அது ஒரு மாதிரி. பிறர் கண்டுபிடித்த பிறகு சொன்னால் அது வேறு மாதிரி. திட்டு விழும். கணக்கை முடக்கினாலும் முடக்குவார்கள். புதுக் கணக்கு தொடங்கி ஒளிந்துகொள்ள மட்டும் பார்க்காதீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். எழுதத் தொடங்கிய இரண்டாம் வருடம், என் மச்சான் அவருடைய அரிசி ஆலையைப் பற்றி ஒரு பக்கம் போடச் சொன்னார். சொந்தக்காரர், காசு பேசவில்லை. நான் எழுதினேன். “வட்டாரத்தின் புகழ்பெற்ற” என்றெல்லாம் எழுதினேன், இப்போது படித்தால் கூசுகிறது. அடுத்த வாரம் வீட்டில் ஒரு மூட்டை பொன்னி அரிசி வந்து இறங்கியது. அதன் பிறகுதான் விதியைப் படித்தேன், பொருளாகக் கொடுத்தாலும் கூலி என்று. இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் பேச்சுப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன்: ஆலைக்காரர் என் மச்சான், ஒரு மூட்டை அரிசி வாங்கியிருக்கிறேன். ஒருவர் வந்து நன்றி சொன்னார். இன்னொருவர், இந்த ஆலைக்குக் குறிப்பிடத்தக்கமை இல்லையே என்று நீக்கல் வார்ப்புருவை ஒட்டினார். ஒரு வாரத்தில் பக்கம் போய்விட்டது.

மச்சான் இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூட்டையைத் திருப்பி அனுப்பலாம் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் சோறாகியிருந்தது.